18,000 ரூபாய் ரோபோவும் மதினி வீட்டு 75,000 ரூபாய் ரோபோவும்

எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் தங்கம் விலைக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது இப்போது வீடு கூட்டுகிற ரோபோதான். "டீச்சர், ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இருபதுக்குள்ள முடிச்சிரவா, இல்ல கூடக் கொஞ்சம் போட்டு நல்லதா எடுத்திரவா?" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் 'கூடக் கொஞ்சம்' ஐம்பதாயிரத்துக்கு மேல் போகும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். ஒரே தடவையாக எழுதிப் போட்டுவிட்டால் ஆளாளுக்குப் பதில் சொல்ல வேண்டாமே என்று உட்கார்ந்தேன்.

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் என் வீட்டில் ஓடுவது 18,000 ரூபாய்க்கு வாங்கியது. கூட்டும், ஈரத்துணியும் இழுக்கும், அவ்வளவுதான். மகாராஜ நகரில் அண்ணன் வீட்டில் மதினி ஆசைப்பட்டு வாங்கியது 75,000 ரூபாய். அதற்கென்று முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டேஷன் உண்டு. ரோபோ அதற்குள் போய்த் தன் துணியைத் தானே அலசிக்கொள்ளும், குப்பையைத் தானே கொட்டிக்கொள்ளும். கோடை விடுமுறையில் இரண்டையும் வீடு மாற்றி ஓட்டிப் பார்த்தோம். கம்பெனிப் பெயர்களை எழுதப் போவதில்லை. இரண்டும் சீனத்துச் சரக்கு, நீங்கள் வாங்கப் போகும் நேரத்தில் அந்த மாடல்கள் இருக்குமா என்பதே சந்தேகம். வகையைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலில் நம் ஊர்த் தூசி. வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கே இருந்து காற்று அடிக்கும். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மலையைத் தாண்டி வருகிற காற்று, தென்காசிப் பக்கம் சாரலைத் தூவிவிட்டு, முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வரும்போது ஈரமெல்லாம் தீர்ந்து வெறும் புழுதியோடு வரும். காலையில் கூட்டிய தரையில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் நறநறவென்று இருக்கும். ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் மண். இணையத்தில் வருகிற விமர்சனங்களில் பாதி அமெரிக்காக்காரர்கள் கம்பளத்தில் நாய் முடியைக் கொட்டி எடுத்துக் காட்டுபவை. விலை கூடின மாடல்களில் கம்பளத்தைக் கண்டால் உறிஞ்சும் வேகத்தைக் கூட்டும், துணியை ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கிக்கொள்ளும். கம்பளமே இல்லாத மொசைக் வீட்டில் அந்த வித்தைக்கெல்லாம் நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பாஸ்கல் கணக்கு அடுத்த ஏமாற்று. நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள், இதைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். என்னுடையதில் 4,000 பாஸ்கல் என்று போட்டிருக்கிறது, மதினியுடையதில் 12,000. அப்படியானால் மூன்று மடங்கு சுத்தமா? பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. கடல் மட்டத்தில் காற்று நம்மை அழுத்துவது 1,01,325 பாஸ்கல். 12,000 என்பது அதில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்த உச்ச எண் வருவதும் உறிஞ்சும் வாயை அடைத்து, உள்ளே காற்றே ஓடாமல் நிற்கும்போதுதான். தூசியை அள்ளிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று ஓடுகிறது, அடியில் சுழலும் பிரஷ் தரையை எவ்வளவு ஒட்டித் தட்டுகிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் பெட்டியில் போடுவதில்லை.

சரி, வாதம் எதற்கு என்று சமையலறைத் தராசில் 50 கிராம் ரவையை எடை போட்டு என் வீட்டு மொசைக்கில் தூவினேன். என்னுடையது 46 கிராம் எடுத்தது. மதினியுடையது 48. மிச்சத்தை இரண்டுமே ஓரத்தில் சுழலும் அந்த மூன்று கால் பிரஷ்ஷால் சுவர் மூலைக்குச் சிதறடித்திருந்தன. வட்டமான எந்த மெஷினும் சதுரமான மூலைக்குள் முழுதாகப் போகாது. மதினியுடையதில் அந்தப் பிரஷ் கொஞ்சம் வெளியே நீளும், அதனால் மூலையில் ஓரளவு தேவலை. கூட்டுவதைப் பொறுத்தவரை 57,000 ரூபாய்க்குக் கிடைத்த வித்தியாசம் இவ்வளவுதான்.

காசைப் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, அது லேசர். மேலே குட்டித் தொப்பி போல ஒரு கோபுரம் இருக்கும். அதற்குள் லேசர் ஒன்று சுற்றிக்கொண்டே சுவர், கட்டில் கால், நாற்காலி எல்லாம் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து வீட்டுக்கு வரைபடம் போட்டுவிடும். 2002இல் ஐரோபோட் கம்பெனி முதல் ரூம்பாவை இறக்கியபோது அது முட்டி மோதித் திரும்பும் வகை. 2010இல் நியாட்டோ கம்பெனி லேசர் வைத்து ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது பெரிய விஷயமாக இருந்தது இன்று 18,000 ரூபாய் மெஷினில் வந்துவிடுகிறது. அதற்கும் கீழே, பத்து பன்னிரண்டாயிரத்துக்கு வருகிறவற்றில் பல இன்னும் முட்டி மோதுகிற வகை, அல்லது எந்தப் பக்கம் திரும்பினோம் என்று உணர்கிற கைரோ சென்சரை நம்பிக் கோடு போட்டு நடக்கிற வகை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தேங்காய்த் துருவல் போட்டு வைத்ததுபோல் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும், படுக்கையறைப் பக்கம் தலையே காட்டாது. நடுவில் யாராவது தூக்கி இடம் மாற்றி வைத்துவிட்டால் வேலையை முதலில் இருந்து தொடங்கும். அந்த வீட்டு ஆச்சி அதை இப்போது திண்ணையில் மட்டும் விடுகிறார்.

லேசருக்கு வெளிச்சம் வேண்டாம், இருட்டிலும் ஓடும். ஆனால் அதற்கும் கண் ஏமாறும் இடம் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா காலத்து இரும்பு பீரோ, கதவில் கிட்டத்தட்ட தரை வரைக்கும் நிலைக்கண்ணாடி. முதல் நாள் மேப்பைப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் பைக் நிறுத்துகிற இடத்தில் எங்களுக்கு இன்னொரு படுக்கையறை இருந்தது! கண்ணாடியில் பட்டுத் திரும்பிய லேசர் எங்கள் அறையையே மறுபடி அளந்திருக்கிறது. மதினி வீட்டு ரோபோவைக் கொண்டுவந்து விட்டேன், அதுவும் அதே அறையைக் கட்டியது. கண்ணாடியின் அடிப்பகுதியில் காகிதம் ஒட்டியதும் இரண்டுக்கும் தெளிந்துவிட்டது. இன்னொன்று, அந்தக் கோபுரத்தோடு சேர்த்து உயரம் பத்து சென்டிமீட்டர் பக்கம் வரும். கட்டில், பீரோ, சோபா அடியில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். அங்கேதான் வாரியல் போகாமல் வருஷக்கணக்காகத் தூசி குடியிருக்கும்.

இனி ஈரத்துணி. இதில்தான் இரண்டு மெஷினுக்கும் நடுவே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. என்னுடையது அடியில் ஒரு துணியை ஒட்டிக்கொண்டு, சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சொட்டவிட்டு, இழுத்துக்கொண்டே போகும். அழுத்தம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மதினியுடையதில் வட்டமான இரண்டு துணிகள் தரையை அழுத்திக்கொண்டு சுழலும். தினப்படிப் புழுதிக்கு இரண்டும் ஒன்றுதான், வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன். ஆனால் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிற நம் ஊர்ச் சொதி சிந்தினால் கதை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்திருந்தேன். பரிமாறும்போது கரண்டியிலிருந்து மேஜைக் கால் பக்கத்தில் சொட்டியது யார் கண்ணிலும் படவில்லை. சாயங்காலம் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து, ஓரத்தில் தேங்காய்ப்பால் எண்ணெய் வளையமாகப் பிரிந்து, நடுவில் ஒரு முருங்கைக்காய் நார். நல்லதாகப் போயிற்று என்று என் ரோபோவை அந்த இடத்துக்கு மட்டும் அனுப்பினேன். முதல் தடவை போனபோது நார் போனது, வளையம் உடைந்தது. இரண்டாவது தடவை அந்த எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் இரண்டு அடி நீளத்துக்குப் பளபளவென்று மெழுகி வைத்தது. அதற்கு மேல் அதை ஓடவிட்டால் வீடு முழுக்கச் சொதி மணக்கும் என்று நிறுத்தி, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கையால் துடைத்தேன். அடுத்த வாரம் மதினி வீட்டில், வேண்டுமென்றே அதே சொதியைச் சொட்டிக் காயவிட்டோம். அண்ணன், "இதுக்கு ஒரு கரண்டி சொதிய வீணாக்கணுமாட்டி?" என்று சிரித்தான். அது முதல் சுற்றில் பாதியை எடுத்தது, போய்த் துணியை அலசிக்கொண்டு வந்து மறுபடி துடைத்தது. லேசான வளையம் மட்டும் தெரிந்தது. இன்னொரு தடவை விட்டதும் அதுவும் போய்விட்டது. கை வைத்துத் தடவினால் பிசுக்கில்லை. தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கிற அடுக்களைக்கும், சிந்திச் சிந்திச் சாப்பிடுகிற குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் சுழலும் துணிதான் வேண்டும், சந்தேகமே இல்லை.

எந்த மெஷினாக இருந்தாலும் காற்றுக்காலத்தில் கூட்டுவதையும் துடைப்பதையும் ஒரே ஓட்டத்தில் வைக்காதீர்கள். முன்னால் தூசியை உறிஞ்சிக்கொண்டே பின்னால் ஈரத்துணியும் வரும்போது, உறிஞ்சாமல் விட்ட மண் சேறாகித் தரையில் கோடு கோடாகக் காய்ந்து கிடக்கும். துணியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை வெறுமனே ஓடவிட்டு, அப்புறம் துணியை மாட்டி ஓடவிட வேண்டும். மதினியுடையதில் ஆப்பில் ஒரு பட்டன் தட்டினால் அதுவே அப்படிச் செய்துகொள்கிறது. என்னுடையதில் குனிந்து நானே மாட்ட வேண்டும்.

அந்தக் குனிவதற்குத்தான் விலை. கூடக் கொடுக்கிற காசு பெரும்பாலும் ரோபோவுக்குப் போவதில்லை, ஸ்டேஷனுக்குப் போகிறது. அழுக்குத் துணியை நாம் தொட வேண்டாம், அலச வேண்டாம், காயப்போட வேண்டாம், குப்பை டப்பாவைத் தட்ட வேண்டாம். அதிலேயே அலசி, சூடான காற்றில் உலர்த்தி, குப்பையை ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். இழுக்கிற அந்தப் பத்துப் பதினைந்து விநாடிக்கு எழுகிற சத்தத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும், ஆனாலும் வசதிதான்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுத்தான் "அம்மாவுக்கு முட்டி வலி, அவங்க குனியக் கூடாது" என்று பெரிய மெஷினாக வாங்கி அனுப்புகிறார்கள். பாளையங்கோட்டையில் இப்படி வந்து இறங்கிய மெஷின்கள் எத்தனையோ வீட்டில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஏன் என்று கேட்டால், ஸ்டேஷனில் இரண்டு தொட்டிகள். நல்ல தண்ணீர்த் தொட்டி நான்கு லிட்டர் பிடிக்கும். நிரப்பித் தூக்கினால் தண்ணீர் மட்டும் நான்கு கிலோ. அழுக்குத் தண்ணீர்த் தொட்டியும் அதே கனத்துக்கு வந்து நிற்கும், அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இரண்டு நாள் மறந்தால், அதுவும் சித்திரை வெயிலில், மூடியைத் திறந்தவுடன் வாருகால் வாடை அடிக்கும். துணி அலசுகிற தட்டில் முடியும் சேறும் படியும், அதை வழித்துக் கழுவ வேண்டும். குனிய முடியாத எழுபது வயது அம்மாவுக்கு இதெல்லாம் முடிகிற காரியமா? என் அம்மாவிடம் காட்டியபோது, "இதுக்குச் சேவகம் பண்ண ஒரு ஆளு வேணும் போலிருக்கே" என்றாள்.

அந்த ஸ்டேஷன் உண்மையில் உதவுவது யாருக்கு என்றால், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காலையில் எட்டு மணிக்கு ஓடுகிற வீட்டுக்கு. மதினி வங்கியில் வேலை பார்க்கிறார். போகும்போது பட்டனைத் தட்டிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து தண்ணீரை மாற்றுகிறார். கையில் பலமும் இருக்கிறது, வீட்டில் பொழுதும் இல்லை. அவருக்கு அந்தக் காசு தகும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குச் சின்ன மெஷினை வாங்கிக் கொடுத்துவிட்டு, துணி அலசுவதை வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தண்ணீர் விஷயத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பெருமாள்புரத்தில் எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளியில் ஒரு வாரம் வைத்தால் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மாநகராட்சிக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் இருக்கிற நாளில் அதைப் பிடித்து வைத்துத்தான் ரோபோவுக்கு ஊற்றுகிறேன். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கறுப்புத் தரையில் காய்ந்தபின் வெள்ளைக் கோடு தெரியும், அதோடு தண்ணீர் சொட்டும் துளையும் நாளாவட்டத்தில் அடைபடும். என்னுடையதில் துளை அடைத்தால் தொட்டியில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரை ஊற வைத்துக் கழுவிவிடலாம். ஸ்டேஷனில் குழாய், பம்பு, அலசுகிற தட்டு என்று உப்புப் படிய இடம் நிறைய இருக்கிறது, கை போகாத இடமும் நிறைய. இன்னொரு வழக்கம் நம்மிடம் உண்டு. ஆர்.ஓ. மெஷினில் வெளியே வருகிற வேஸ்ட் தண்ணீரைப் பிடித்து வீடு துடைப்போம். கையால் துடைக்க அது போதும், ரோபோவில் ஊற்றக் கூடாது. நல்ல தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். பினாயிலும் வேண்டாம். இரண்டு மெஷினின் புத்தகத்திலும் கம்பெனி சொல்லாத திரவத்தை ஊற்றாதே என்றுதான் போட்டிருக்கிறது. வாசனை இல்லாமல் வீடு துடைத்த மாதிரியே இல்லை என்பவர்கள் பழைய முறையிலேயே இருந்துகொள்ளலாம், தப்பே இல்லை.

விலை கூடினாலும் குறைந்தாலும் எல்லா ரோபோவும் தோற்கிற இடம் பூ நார். நம் பக்கம் பிச்சிப்பூவை வாழைநாரில் கட்டுவார்கள். தலையிலிருந்து உதிர்ந்த சரத்தின் நார், ஈரமாக இருந்து காய்ந்தபின் கம்பி மாதிரி ஆகிவிடும். அது உருளைப் பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு, மெல்ல நகர்ந்து, இரண்டு முனையிலும் பேரிங் இருக்கும் இடத்தில் போய் இறுகிக்கொள்ளும். கூடவே தலைமுடியும் சேர்ந்து திரிக்கும். வெளியே பார்த்தால் பிரஷ் சுத்தமாகத் தெரியும், சுற்றுவது மட்டும் கிர்ரென்று கனக்கும். முனை மூடியைக் கழற்றி, ஊக்கால் நெம்பி, கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மதினி வாங்கியதில் 'முடி சிக்காது' என்று விளம்பரம். முடி அவ்வளவாகச் சிக்கவில்லை என்பது உண்மைதான். வாழைநாரைப் பற்றி அந்த விளம்பரம் எழுதினவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பத்தமடைப் பாயும் அப்படித்தான். மெல்லிய பாயின் ஓரத்தில் என் ரோபோ ஏறி, பிரஷ்ஷால் கோரையைப் பிரித்து, இரண்டு மூன்று இழையைத் தின்றே விட்டது. மதினியுடையதில் முன்னால் கேமரா இருக்கிறது. செருப்பு, சார்ஜர் வயர், கொலுசு கழன்று கிடந்தால்கூடப் பார்த்து ஒதுங்கிப் போகிறது. பாயைக் கம்பளம் என்று நினைத்துக்கொண்டு துணியைத் தூக்கியபடி நிதானமாக ஏறியது, ஆனாலும் ஓரத்தைக் கடித்தது. இப்போது இரண்டு வீட்டிலும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் மெஷினை விடுகிறோம். கேமராவைப் பற்றி அம்மா கேட்டாள், "அப்போ அது நம்மளப் பாக்குமாக்கும்?" என்று. நியாயமான கேள்வி. வெளிநாட்டில் சோதனைக்காக வீடுகளில் விட்ட ரோபோக்கள் எடுத்த அந்தரங்கமான படங்கள் வெளியே கசிந்ததாக 2022இல் செய்தி வந்தது. மதினி ஆப்பில் நேரலைப் படம் பார்க்கிற வசதியை நிறுத்தி வைத்திருக்கிறார். எனக்கு என் ரோபோ குருடாக இருப்பதில் ஒரு நிம்மதி.

கறுப்புக் கிரானைட் போட்ட பூஜை அறைக்குள் இரண்டுமே போகவில்லை. படியில் உருண்டு விழாமல் இருக்க அடியில் அகச்சிவப்புச் சென்சார்கள் வைத்திருக்கிறார்கள். தரையில் பட்டு ஒளி திரும்பினால் தரை இருக்கிறது, திரும்பாவிட்டால் பள்ளம் என்பது அதன் கணக்கு. கறுப்பு அந்த ஒளியைக் குடித்துவிடுவதால் பூஜை அறை வாசலில் கிணற்றைப் பார்த்ததுபோல் நின்று திரும்பிவிடுகிறது. சென்சார் மேல் காகிதம் ஒட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை மாக்கோலம் போடுகிறவர்களுக்கு இது ஒரு வகையில் சௌகரியம். வெளிர்த் தரை என்றால் மேப்பில் அந்த இடத்தைக் கட்டம் போட்டு 'போகாதே' என்று குறித்துவிட வேண்டும். அந்த வசதி இரண்டிலும் உண்டு.

டவுனில் ரத வீதிப் பக்கம் அம்மா இருக்கும் பழைய வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நடை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று நேர்கோட்டில் ரயில்பெட்டி மாதிரிப் போகும் வீடு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மரத்தாலான நிலைப்படி, குழந்தைகள் உட்கார்ந்து விளையாடுகிற உயரத்துக்கு. சாதாரண ரோபோ இரண்டு சென்டிமீட்டர் ஏறும். இப்போது வருகிற சில விலையுயர்ந்த மாடல்கள் உடம்பைத் தூக்கிக்கொண்டு நான்கு சென்டிமீட்டர் வரை ஏறுகின்றன. நிலைப்படிக்கு அது எந்த மூலைக்கு? ஒவ்வோர் அறைக்கும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும் என்றால், ஸ்டேஷனுக்குத் தானே திரும்பிப் போகிற வித்தையும் அந்த வீட்டில் செல்லாது. டவுனில், அம்பாசமுத்திரத்தில், கல்லிடைக்குறிச்சியில் இப்படி வீடு வைத்திருப்பவர்கள் பெரிய மெஷின் பக்கமே போக வேண்டாம். சின்னதே ஆடம்பரம்.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரோபோ ஓடுவது பேட்டரியில், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வேலை முடிந்து திரும்பும்போது ஸ்டேஷன் காட்டுகிற சமிக்ஞையை வைத்துத்தான் கடைசி அடியைச் சரிபார்த்து உள்ளே நுழையும். கரண்ட் இல்லையென்றால் வாசலுக்கு வந்து முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் தீர்ந்தது. வைஃபையும் முதலில் இணைக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், 5இல் தேடிக்கொண்டே இருக்கும்.

சர்வீஸ்தான் என்னை யோசிக்க வைத்தது. மதினி வீட்டு ஸ்டேஷனில் தண்ணீர் ஏற்றும் பம்பு வாரன்டி முடிவதற்குள் நின்றுவிட்டது. திருநெல்வேலியில் ஆள் கிடையாது, பெட்டி கட்டிச் சென்னைக்கு அனுப்புங்கள் என்றார்கள். அந்த உயரத்துக்குப் பெட்டி எங்கே கிடைக்கும்? நல்லவேளை, அண்ணன் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை, பழைய அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகித் திரும்பி வந்தது. அந்த ஒரு மாதமும் ரோபோ மட்டும் வீட்டில் இருந்தது, அதைச் சார்ஜ் போட வேறு வழி இல்லாமல் பீரோ அடியில் கிடந்தது. என்னுடையதில் சக்கரம் ஒன்று சிக்கிக்கொண்டபோது ஜங்ஷனில் மொபைல் ரிப்பேர் பார்க்கிற தம்பி நான்கு ஸ்குருவைக் கழற்றி, உள்ளே இருந்த பூ நாரை எடுத்து, 200 ரூபாய் வாங்கிக்கொண்டு அன்றைக்கே கொடுத்துவிட்டார். எளிய மெஷினில் கெட்டுப்போகவும் பாகங்கள் குறைவு. அதோடு ஸ்டேஷனில் போடுகிற தூசிப்பை ஒன்று 300, 400 ரூபாய் ஆகிறது. அறுபது நாள் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அது பாதி நாள்கூடத் தாங்கவில்லை.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அக்காவை இதை வாங்கியதற்காக நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. பாத்திரமும், குளியலறையும், மாடிப்படியும், வாசல் தெளிப்பதும் எந்த ரோபோவும் செய்யாது. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் இப்போது வந்ததும், "டீச்சர், இத முதல்ல கட்டிலுக்கடியில ஓட்டிவிடுங்க, எனக்கு முதுகு வளையாது" என்கிறார். துணியை அலசிக் கொடியில் போடுவதும் அவர்தான். அதற்கென்று மாதம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறேன். மதினி மிச்சப்படுத்தாமல் போட்ட 57,000 ரூபாயில் எத்தனை மாதத்துக்கு அப்படிக் கொடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டால், மதினி, "ஒங்க அண்ணன் காசுதானே, நீ எதுக்குக் கணக்குப் போடுத?" என்கிறார்.

லேசர் வைத்த சின்ன மெஷினாக வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்களானால், ஆர்டர் போடும்போதே கூட நான்கு துணி, இரண்டு ஓரப் பிரஷ், ஒரு ஃபில்டர் சேர்த்து வாங்கிவிடுங்கள். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடியும். மாடல் மாறிவிட்டால் அளவு ஒத்த துணிக்கு அலைய வேண்டும். எனக்கு இப்போதே பொருந்துகிற துணி கிடைக்காமல், வண்ணார்பேட்டையில் தையல்காரரிடம் பழைய துண்டைக் கொடுத்து, வெல்க்ரோ வைத்துத் தைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.